வீட்டுத் தோட்டத்தில் குளவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியிலோ கொல்லையிலோ நாலு செடி வைத்தவர்கள் என்றாவது ஒரு நாள் குளவியைப் பற்றிக் கேட்கத்தான் செய்கிறார்கள். "எப்படி ஒழிப்பது?" என்பதே பெரும்பாலும் முதல் கேள்வி. "எந்தக் குளவி, கூடு எங்கே இருக்கிறது?" என்று பார்த்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பாதி நேரம் வேலையே இருக்காது. இந்தப் பதில்கள் தமிழ்நாட்டுச் சமவெளி வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

தோட்டத்தில் குளவி பறக்கிறது. பயப்பட வேண்டுமா?

பறக்கும் குளவியை விட்டுவிட்டுக் கூட்டைப் பாருங்கள். சுவரிலோ ஜன்னல் மூலையிலோ மண்ணால் பூசிய கூடு என்றால் அது மண்குளவி. வேட்டுவாளி, வேட்டாளி என்றும் சொல்வார்கள். ஒற்றைப் பெண் குளவி தனியாகக் கட்டும் கூடு அது. அதற்குக் காவல் கிடையாது. நீங்கள் பக்கத்தில் நின்று பல் துலக்கினாலும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது.

சன்ஷேடுக்குக் கீழேயோ எலுமிச்சைக் கிளையிலோ ஒரு காம்பில் தொங்கும், அறைகள் வெளியே தெரியும், சாம்பல் நிறக் காகிதம் போன்ற கூடு என்றால் அது கூட்டமாக வாழும் காகிதக் குளவி. மரநாரைச் சுரண்டி மென்று எச்சிலில் குழைத்துக் கட்டுகிறது. கூட்டைத் தொட்டால் கொட்டும், தொடாவிட்டால் பெரும்பாலும் சும்மா இருக்கும்.

பனை, தென்னை உச்சியிலோ பாழடைந்த கட்டடத்திலோ மரப்பொந்திலோ பெரிய உருண்டையாக, மேலே வரிவரியான ஓடு மூடியபடி, ஒரே வாசலோடு இருந்தால் அது கதண்டு. செய்தித்தாள்களில் கதம்ப வண்டு என்றும் விஷ வண்டு என்றும் வருவது பெரும்பாலும் இதுதான். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

கதண்டைப் பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

மற்றக் குளவிகளைவிடத் தடித்த உடல், இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம், கருமையான நிறம், வயிற்றின் முன்பகுதியில் அகலமான ஆரஞ்சு மஞ்சள் பட்டை. பறக்கும்போது ரீங்காரம் கனமாகக் கேட்கும். ஒன்றிரண்டு கதண்டு தோட்டத்துக்கு வந்து போவது ஆபத்து அல்ல. இரை தேடியோ, பழுத்து விழுந்த பழத்துக்கோ, பக்கத்தில் கள் இறக்கினால் அந்த வாசனைக்கோ வரும். ஒரே திசையிலிருந்து அடுத்தடுத்து வந்து அதே திசைக்குத் திரும்பினால் அந்தப் பக்கம் கூடு இருக்கிறது என்று பொருள். தூரத்திலிருந்தே தேடுங்கள்.

முருங்கைப் பூவுக்குப் பெரிய கருவண்டு வருகிறது. அதுவும் கதண்டுதானா?

இல்லை. உடல் முழுக்கக் கறுத்து, இறக்கை கருநீலமாக மின்னினால் அது காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்து வாழும் தச்சுத் தேனீ. பூக்களுக்கு நல்லது. விட்டுவிடுங்கள்.

மண்குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்கிறார்கள். கலைக்கலாமா?

அந்த நம்பிக்கையால் எத்தனையோ கூடுகள் பிழைத்திருக்கின்றன. அதனால் அதோடு எனக்குச் சண்டை இல்லை. மண்ணின் நிறத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் பாட்டிகளும் உண்டு. எங்கே ஈரமண் கிடைத்ததோ அந்த நிறம், அவ்வளவுதான்.

கூட்டுக்குள் நடப்பது அதைவிடச் சுவையானது. நம் வீடுகளில் அதிகம் காணும் மெல்லிடைக் குளவி ஒன்றுக்கு அறிவியலில் ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம் என்று பெயர். 1781ஆம் ஆண்டில் ஃபாப்ரிசியஸ் என்ற டென்மார்க் பூச்சியியலாளர் மதராசப்பட்டினத்தை ஒட்டி வைத்த பெயர் அது. இது சிலந்தி வேட்டைக்காரி. குழாயடியில் ஈர மண்ணை உருட்டித் தாடையில் தூக்கி வந்து, ஒவ்வொரு வளையமாகப் பூசி அறை எழுப்பும். பிறகு சிலந்திகளைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்து, ஒன்றின் மேல் முட்டையிட்டு வாயை மூடிவிடும். சிலந்தி சாவதில்லை, அசைய முடியாமல் கிடக்கும், அதனால் அழுகுவதில்லை. குளவிப் புழு அதைத் தின்று வளர்ந்து, சுவரை ஓட்டை போட்டு வெளியே வரும்.

கூட்டில் வட்ட ஓட்டைகள் இருந்தால் குடியிருந்தவை போய்விட்டன. கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன்னைப் போலவே குளவியாக்கும் என்பது உண்மையா?

குரு சீடனை மாற்றுவதற்கு உவமையாகக் காலங்காலமாகச் சொல்லப்படுவது. உவமை அழகுதான், புழுவின் கதி அதுவல்ல. குட்டிக் குடம் போலக் கூடு கட்டும் குயவக் குளவி, அறையின் கூரையிலிருந்து மெல்லிய இழை ஒன்றில் முதலில் தன் முட்டையைத் தொங்கவிடுகிறது. அதன் பிறகுதான் பச்சைப் புழுக்களைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அடைத்து மூடுகிறது. உள்ளே போன புழு குளவியின் குஞ்சுக்குச் சோறு. சில வாரம் கழித்துக் குளவி வெளியே வருவதை மட்டும் பார்த்தவர்கள், போட்ட புழுதான் குளவியாகிவிட்டது என்று நினைத்ததில் வியப்பில்லை.

கத்தரி, வெண்டை வைத்திருப்பவர் இந்தக் குளவியைக் கலைப்பது தன் கையாலேயே தன் கூலியாளை விரட்டுவதாகும்.

ஸ்விட்ச் போர்டு ஓட்டை, ஏ.சி. தண்ணீர்க் குழாய், பூட்டுத் துவாரம் எல்லாவற்றையும் மண்ணால் அடைக்கிறதே?

இங்கே பொறுமை காட்டத் தேவையில்லை. பயன்படுத்தாத பிளக் துவாரங்களுக்கு மூடி போடுங்கள், குழாய் வாய்களில் மெல்லிய வலை கட்டுங்கள். வெயிலில் பல நாள் நின்ற ஸ்கூட்டரின் குழாய்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டு விஷயம் அல்ல: 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசில் 189 பேரோடு கடலில் விழுந்த விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய் அடைபட்டிருந்தது என்றும், பல நாள் பறக்காமல் நின்ற விமானத்தின் குழாய் மூடப்படாததால் மண்குளவி அதில் கூடு கட்டியிருக்கக்கூடும் என்றும் விசாரணையில் கருதப்பட்டது.

அடைப்பதைத் தடுத்தபின் அவற்றுக்கு வேறு இடம் கொடுத்தால் நல்லது. ஒரு முனை மூடிய மூங்கில் துண்டுகளைக் கட்டாகக் கட்டி மழை படாத சுவரில் மாட்டுங்கள். சில வகைக் குளவிகள் வந்து குடியேறும்.

பச்சையும் நீலமுமாக மின்னும் குளவி ஒன்று கரப்பானைக் கொம்பைப் பிடித்து இழுத்துப் போனது. இது என்ன?

பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். மரகதக் கரப்பான் குளவி. முதலில் கரப்பானின் மார்பில் கொட்டி முன்னங்கால்களைச் சற்று நேரம் முடக்குகிறது. இரண்டாவது கொட்டு நேராகத் தலைக்குள், மூளையில். அதற்குப் பிறகு கரப்பானால் நடக்க முடியும், ஆனால் தானாக ஓடத் தோன்றாது. குளவி அதன் உணர்கொம்புகளைப் பாதியாக நறுக்கி, கசியும் நீரைக் குடித்து, மிச்சக் கொம்பைப் பிடித்துப் பொந்துக்குள் நடத்திப் போகிறது. காலில் ஒரு முட்டை வைத்து, பொந்தின் வாயைக் கல்லும் குப்பையும் போட்டு அடைத்துவிடுகிறது. மனிதரைச் சீண்டுவதில்லை. துடைப்பத்தைக் கீழே வையுங்கள்.

வாசல் சன்ஷேடில் காகிதக் கூடு. பத்திருபது குளவிகள் இருக்கின்றன. எடுத்துவிடலாமா?

எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தலைக்கு மேலே எட்டாத உயரத்தில், யாரும் கை வைக்காத மூலையில் என்றால் இருக்கட்டும். நாள் முழுக்க உங்கள் செடியில் புழு பொறுக்கிக் கூட்டுக்குக் கொண்டுபோகும். கதவு இடுக்கு, கொடிக்கம்பி, குழந்தைகள் விளையாடும் ஊஞ்சல், தண்ணீர்த் தொட்டியின் மூடி ஆகிய இடங்களில் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும்.

ஆரம்பத்திலேயே எடுப்பதுதான் புத்திசாலித்தனம். நாலைந்து அறை, ஒன்றிரண்டு குளவி என்ற நிலையில் நீண்ட கம்பால் காம்பைத் தட்டிவிட்டால் போதும். வளர்ந்த கூடு என்றால் இருட்டிய பிறகு, எல்லாம் கூட்டில் அடைந்திருக்கும்போது, முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துணியுமாக நின்று தெளிப்பானால் கெட்டியான சோப்புத் தண்ணீரை அடியுங்கள். சோப்புநீர் குளவியின் மூச்சுத் துளைகளை நனைத்து அடைத்துவிடும். கூட்டின் மேல் டார்ச் ஒளியைக் காட்டாதீர்கள், வெளிச்சத்தை நோக்கித்தான் வரும். ஏணியில் ஏறிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். கொட்டு வாங்கியவர்களைவிட விழுந்து கை ஒடிந்தவர்கள் படும் பாடு பெரிது.

மண்ணெண்ணெய்ப் பந்தம், பெட்ரோல் இரண்டும் தோட்டத்துக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது.

அந்தக் கூட்டில் ராணியை மட்டும் எடுத்துவிட்டால் மற்றவை கலைந்துவிடுமா?

இது நம் நாட்டிலேயே துல்லியமாக ஆராயப்பட்ட கேள்வி. தென்னிந்திய வீடுகளில் பரவலாகக் கூடு கட்டும் ரோபலிடியா மார்ஜினேட்டா என்ற செம்பழுப்புக் குளவியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கரும் அவர் மாணவர்களும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப் புள்ளி வைத்து, யார் என்ன செய்கிறாள் என்று குறித்தார்கள். இந்த வகையில் ராணி அதட்டுவதில்லை. கூட்டத்தில் சாதுவானவளே அவள்தான். அவளை எடுத்துவிட்டால் சிறிது நேரத்துக்குள் வேலைக்காரிகளில் ஒருத்தி மட்டும் திடீரென்று மூர்க்கமாகிறாள். மற்றவை எதிர்ப்பதில்லை. சில நாளில் முட்டையிடத் தொடங்கி அவளும் சாதுவாகிவிடுகிறாள். ஆகவே ராணியைப் பிடித்துக் கூட்டைக் கலைக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள். பார்த்து எந்தக் குளவி ராணி என்று சொல்வதும் உங்களால் ஆகாது. தோற்றத்தில் வேறுபாடு இல்லை.

பெரிய குளவி ஒன்று வந்து சின்னக் குளவிகளின் கூட்டைப் பிய்த்துத் தின்றது. சின்னவை எதிர்க்கவே இல்லை. ஏன்?

கதண்டு வகையில் ஒன்று காகிதக் குளவிக் கூடுகளைக் கொள்ளையடிப்பதையே முக்கியத் தொழிலாக வைத்திருக்கிறது. அது வந்தால் காகிதக் குளவிகள் கூட்டைவிட்டு இறங்கிப் பக்கத்து இலையிலோ சுவரிலோ திரளாக உட்கார்ந்துகொள்ளும். அது அறை அறையாகத் தலையை நுழைத்துப் புழுக்களை இழுத்துத் தின்னும். போன பிறகு இவை திரும்பும், அல்லது வேறிடத்தில் புதிதாகத் தொடங்கும். நீங்கள் எடுக்க நினைத்த கூட்டை உங்களுக்காகவே காலி செய்து கொடுத்திருக்கிறது.

கதண்டுக் கூடு இருக்கிறது. என்ன செய்ய?

நீங்கள் எதுவும் செய்யாதீர்கள். 101 அல்லது 112க்குப் பேசினால் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் வருவார்கள். கதண்டுக் கூட்டை அழிப்பது அவர்களுக்கு வாடிக்கையான வேலை. பெரும்பாலும் இருட்டிய பிறகு செய்வார்கள். அதுவரை அந்த மரத்தடியில் ஆளையும் மாட்டையும் விடாதீர்கள். மட்டை வெட்ட, தேங்காய் பறிக்க ஆள் ஏறப்போகிறார் என்றால் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். மரமேறிகள் கொட்டுப்படுவது பெரும்பாலும் யாரும் சொல்லாததால்தான்.

கல்லெறிந்து பார்ப்பது, பட்டாசு வைப்பது, புகை போட்டுப் பார்ப்பது எல்லாம் தெரு முழுவதையும் ஓடவைக்கும். கூட்டுக்கு அருகில் ஒரு கதண்டை நசுக்கினால் அதிலிருந்து வரும் வாசனையே மற்றவற்றுக்கு அபாயச் சங்கு. தாக்கத் தொடங்கிவிட்டால் நின்று கையை வீசாதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவு சாத்தும் அறைக்குள் புகுந்துவிடுங்கள்.

கொட்டிவிட்டது. என்ன செய்வது?

ஒன்றிரண்டு கொட்டு என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள். கையில் கொட்டினால் மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கொடுக்கைத் தேட வேண்டாம். தேனீதான் கொடுக்கை விட்டுச் செல்லும். குளவி விடாது, அதனால் அதே குளவி மறுபடியும் கொட்டும். வீக்கமும் அரிப்பும் மறுநாள் கூடினாலும் தானாக வடியும்.

கொட்டு எங்கோ இருக்க, உதடும் கண்ணும் வீங்கினால், உடம்பெங்கும் தடித்தால், மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், தலைசுற்றி வாந்தி வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், அல்லது இருக்கும் வண்டியில் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். ஒவ்வாமை அதிர்ச்சிக்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து, வீட்டு மருந்து எதுவும் அல்ல. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும் அப்படியே.

கதண்டு பல இடத்தில் கொட்டியிருந்தால் ஆள் தெளிவாகப் பேசினாலும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும். விஷம் தசையைச் சிதைத்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். இது ஒரு நாள் கழித்தும் தெரியவரலாம். சிறுநீர் கருத்துப்போவதும் குறைவதும் அதன் அடையாளம்.

சுண்ணாம்பு தடவலாமா?

வேண்டாம். விஷம் தோலுக்கு அடியில் செலுத்தப்படுகிறது, மேலே தடவும் சுண்ணாம்பு அதைத் தொடுவதில்லை. குழந்தையின் தோல் வெந்துபோவதுதான் மிச்சம். வெங்காயம் தேய்ப்பதால் கெடுதல் இல்லை, தேய்த்துக்கொண்டே நேரத்தைப் போக்காமல் இருந்தால்.

தட்டைப்பயறுச் செடியில் பூவே இல்லை. அப்படியும் குளவி சுற்றிச் சுற்றி வருகிறது. ஏன்?

பூங்கொத்து வரும் காம்பின் நுனியை உற்றுப் பாருங்கள். ஜோடி மொட்டுகளுக்கு நடுவில் சிறு மேடுகளாகச் சுரப்பிகள் இருக்கும். அவற்றில் பூவுக்கு வெளியே தேன் சுரக்கும். எறும்புக்கும் குளவிக்கும் செடி கொடுக்கும் கூலி அது. கூலிக்கு வந்தவை வழியில் கண்ட புழுவையும் எடுத்துப் போகும். ஆமணக்கில் இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் இதே போன்ற சுரப்பிகளைக் காணலாம். வரப்பு ஓரத்தில் தட்டைப்பயறும் ஆமணக்கும் வைக்கும் பழக்கத்துக்கு இது கூடுதல் பலன்.

குளவிகளை வரவழைக்க வேண்டுமானால் தொட்டியில் இரண்டு கொத்தமல்லிச் செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். சோம்பும் துளசியும் அப்படியே. அந்தச் சின்னப் பூக்களில் வாய் குட்டையான குளவிகளுக்கும் தேன் எட்டும்.

புழுவின் முதுகில் வெள்ளை அரிசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முட்டையா? நசுக்கிவிடட்டுமா?

நசுக்காதீர்கள்! அவை கூட்டுப்புழு உறைகள். எறும்பைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்று புழுவுக்குள் முட்டையிட்டு, குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வெளியே வந்து பட்டு உறை கட்டியிருக்கின்றன. அந்தப் புழு இனிப் பெரிதாகத் தின்னாது. ஒவ்வொரு உறையிலிருந்தும் ஒரு குளவி வந்து அடுத்த புழுவைத் தேடும்.

கடையில் ஒட்டுண்ணி அட்டை என்று விற்கிறார்களே, அதுவும் குளவியா?

ஆம். டிரைக்கோகிரம்மா, அரை மில்லிமீட்டர் அளவுக் குளவி. பிற பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிடும். ஆய்வுக்கூடத்தில் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் இதை வளர்க்கிறார்கள். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு நம் விவசாயிகள் நெடுங்காலமாகக் கட்டுகிறார்கள். பத்துத் தொட்டி வைத்திருக்கும் மாடித் தோட்டத்துக்கு இது தேவையில்லை என்பது என் எண்ணம். அரை ஏக்கர் காய்கறி என்றால் பயன்படும்.

ஒட்டுண்ணிக் குளவியின் பலம் தெரிய வேண்டுமானால் பப்பாளியைக் கேளுங்கள். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே ஆண்டில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கொங்குப் பகுதியையே வெள்ளையடித்துவிட்டது. மருந்து அடித்து அடித்துச் சலித்த பிறகு, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவியை வரவழைத்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழியாகப் பெருக்கி விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. பின்னாளில் மரவள்ளியைத் தாக்கிய வேறொரு மாவுப்பூச்சிக்கும் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற குளவி வந்தது. 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள்.

குளவிக்குக் கெடுதல் இல்லாமல் மருந்து அடிக்க முடியுமா?

வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில், பாதித்த செடிக்கு மட்டும். பூத்திருக்கும் செடியில் எதையும் அடிக்காதீர்கள். "எல்லாப் பூச்சியும் சாகும்" என்று விற்கும் மருந்தை அடித்தால் முதலில் சாவது குளவி. மாவுப்பூச்சி அதன் மெழுகுப் போர்வைக்குள் பத்திரமாக இருந்து, தடுக்க ஆளில்லாமல் இரு மடங்காகத் திரும்பும்.

தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். கதண்டு வாசலில் நின்று பிடிக்கிறது.

வாசலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குக் குறுக்குங்கள். ஒன்றிரண்டு வந்தால் இறகுப்பந்து மட்டையால் அடித்துவிடலாம், பெட்டி பக்கம் கூடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு. நம் அடுக்குத் தேனீக்களும் சும்மா இருப்பதில்லை. நூற்றுக்கணக்கில் கதண்டைச் சூழ்ந்து உருண்டையாகி, உடலை அதிரச் செய்து சூடேற்றியே கொன்றுவிடும்.

கொல்லையில் நாட்டு அத்தி மரம். பழத்தைப் பிட்டால் குளவி. சாப்பிடலாமா?

"அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை" என்ற பழமொழிக்குக் காரணமே அந்தக் குளவிதான். அத்திக்குப் பூ உள்ளே இருக்கிறது. ஒரு பெண் குளவி காயின் நுனித் துளையில் நெருக்கி நுழையும்போதே இறக்கையை இழந்து, மகரந்தத்தைப் பூசி, முட்டையிட்டு, உள்ளேயே இறக்கிறது. அதன் ஆண் குஞ்சுகளுக்கு இறக்கையே கிடையாது. அவை சுவரைக் குடைந்து வழி செய்து கொடுக்க, பெண் குளவிகள் மகரந்தத்தோடு பறந்துபோகின்றன. இந்த அத்திக் குளவி மனிதரைக் கொட்டாது.

பிட்டு, உதறி, கழுவிச் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடுகிறார்கள், கெடுதல் இல்லை. அருவருப்பாக இருந்தால் பிஞ்சிலேயே பறித்துக் கூட்டு வையுங்கள். பழமாகவே வேண்டும், குளவியும் கூடாது என்றால் சீமை அத்திக் கன்று வாங்கி நடுங்கள். நம் ஊர் நர்சரிகளில் கிடைக்கும் ரகங்கள் பெரும்பாலும் குளவி இல்லாமலே பழுப்பவை.